அஞ்சலாட்சி டீச்சர் வரைந்த இந்தியா

அஞ்சலாட்சி டீச்சருக்குப் படம் வரைய வராது. பூகோளம் நடத்துகிற டீச்சருக்கு வரைபடம் போட வராது என்றால், சமையல்காரனுக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாத மாதிரிதான். ஆனால் பதினெட்டு வருஷமாக இதை ஈ எறும்புக்குக்கூடத் தெரியாமல் காப்பாற்றி வந்தாள். பாண்டிச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்த பெண்கள் பள்ளியில் 1968-இல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, கை நன்றாக ஓடும் மாணவி ஒருத்தியைக் கண்டுபிடித்து, 'நீதான் மேப் லீடர்' என்று பட்டம் கட்டிவிட்டாள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு மேப் லீடர். டீச்சர் வகுப்புக்குள் நுழையும்போது கரும்பலகையில் இந்தியா தயாராக இருக்கும். பிள்ளைகளை எப்படிப் பழக்கி வைத்திருக்கிறாள் பார் என்று மற்ற டீச்சர்கள் மெச்சிக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை.

முதலியார்பேட்டை ஆலைத் தொழிலாளி கன்னியப்பனின் மூத்த மகள் அவள். அவர் வேலை முடிந்து வந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்து மகளைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். நதியும் மலையும் அவளுக்கு நாக்கு நுனியில் நின்றன. கைதான் சொன்ன பேச்சு கேட்காது. கோதாவரியை வரைந்தால் அது நேரே ராஜஸ்தானுக்குப் போகும். ஆசிரியர் பயிற்சியில் வரைபடத் தேர்வை எப்படித் தாண்டினாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

அப்படிப்பட்டவளின் வாழ்க்கையில் 1986-இல் ஒரு மெஷின் வந்தது. பெயர் ஓவர்ஹெட் புரொஜெக்டர். தையல் மெஷின் உயரத்தில் ஒரு பெட்டி, மேலே தட்டையாக ஒரு கண்ணாடி, அதற்கு மேல் கொக்கு போலக் கழுத்தை நீட்டிய ஒரு லென்ஸ். கண்ணாடித் தாளில் எதையாவது எழுதி அதன்மேல் வைத்து விளக்கைப் போட்டால், சுவர் முழுக்கத் தெரியும். கல்வி அலுவலகம் அதை மூன்று மாதத்துக்குத்தான் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு அதிகாரி வந்து பார்ப்பார். இங்கேயே இருக்கட்டும் என்பார், அல்லது ரெட்டியார்பாளையத்து ஆண்கள் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்.

அஞ்சலாட்சி அட்லஸின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, ஸ்கெட்ச் பேனாவால் கோட்டின் மேலேயே கோடு இழுத்தாள். சுவரில் விழுந்த இந்தியாவைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குஜராத் குஜராத்தாகவே இருந்தது. அந்த வருஷம் மேப் லீடர் பதவி காலியாகவே கிடந்தது. மெஷின் போய்விட்டால் மறுபடி அடுத்தவள் கையை நம்பித்தான் பிழைக்க வேண்டும்.

அதிகாரி சுப்பிரமணியன் ஆயுத பூசை விடுமுறை முடிந்த முதல் நாளே, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் தலைமையாசிரியை கமலவேணி. பிரெஞ்சுக்காரர் காலத்துப் படிப்பு என்பதால் ஊரே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். மதாம் கண்ணைக் காட்ட, பிள்ளைகள் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்திப் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள். அஞ்சலாட்சி அந்த இருட்டில் மெஷினின் உறையை உருவி, தாளை வைத்து, சுவிட்சைப் போட்டாள்.

இந்தியா வந்தது. கூடவே வங்கக் கடலின் நடுவில் கன்னங்கரேலென்று ஒரு வட்டமும் வந்தது.

ஆயா வேலை பார்க்கும் குஞ்சம்மாளின் கைங்கர்யம் அது. ஆயுத பூசைக்கு அவள் பள்ளிக்கூட மணி, பீரோ, துடைப்பக்கட்டை என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்திருந்தாள். மெஷினுக்கு நெற்றி எது என்று ரொம்ப நேரம் யோசித்து, அகலமாகச் சுத்தமாக இருந்த கண்ணாடியைத் தேர்ந்தெடுத்து, நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்து, தூசி படாமல் உறையைப் போட்டு மூடியிருந்தாள்.

அஞ்சலாட்சி தாளைத் தூக்கி முந்தானையால் துடைத்தாள். காய்ந்த சந்தனம் அசையவில்லை. குங்குமம் மட்டும் இழுபட்டு வட்டத்துக்கு ஒரு வால் முளைத்தது. மதாமின் முகம் சுண்டிப்போனது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.  அப்போதுதான் ஐப்பசி பிறக்கப்போகிறது, புயல் காலம் வருகிறது என்பது அஞ்சலாட்சிக்கு ஞாபகம் வந்தது. தாளை மறுபடி கண்ணாடிமேல் வைத்தாள்.

"இதுதான் புயல்," என்றாள். "இப்ப அந்தமானுக்கு இந்தாண்ட நிக்குது."

தாளை மெல்லக் கிழக்குப் பக்கம் தள்ளினாள். நகர்ந்தது என்னவோ இந்தியாதான். ஆனால் பார்த்தவர்கள் கண்ணுக்குப் புயல் வாலைச் சுருட்டிக்கொண்டு கரையை நோக்கி வந்தது. காற்று எந்தப் பக்கம் சுழலும், எந்தத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றுவார்கள் என்று கேட்டுக்கொண்டே தள்ளினாள்.  வட்டம் கடலூருக்கு மேலே நெருங்கியபோது, வீராம்பட்டினத்துத் தையல்நாயகி எழுந்து நின்றுவிட்டாள்.

"டீச்சர், கொஞ்சம் வடக்கால தள்ளிவுடுங்க. எங்கூருக்கு நேரா வருது. அப்பா கடலுக்குப் போயிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலாட்சி தாளைக் கீழே இழுத்துப் புயலை ஆந்திரா பக்கம் அனுப்பிவைத்தாள். நிஜத்தில் இப்படித் தள்ள முடியாது, அதனால்தான் வானொலியில் சொல்லும்போதே படகைக் கரையேற்ற வேண்டும் என்று சொல்லிப் பாடத்தை முடித்தாள்.

ஜன்னல்களைத் திறந்ததும் அதிகாரி வந்து கண்ணாடியைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் அவர் சொன்னதுதான் இடி.

"ஒரு பொட்டை வச்சிகிட்டே புயல் நடத்திட்டீங்க. இவ்ளோ தெறம இருக்கற ஒங்களுக்கு மெஷின் எதுக்கும்மா? சாக்பீஸே போதும். ரெட்டியார்பாளையத்துல ஒருத்தர் திணறிகிட்டிருக்கார், அவருக்குக் குடுத்துடலாம்."

மதாமுக்குப் பெருமை தாங்கவில்லை. அஞ்சலாட்சி மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல பெயர் நிற்கும், மெஷின் போய்விடும். வாயைத் திறந்தால் பதினெட்டு வருஷத்து மானம் நாற்பது பிள்ளைகள் முன்னால் காற்றில் பறக்கும்.

"எனக்கு வரைய வராது சார்," என்றாள்.

தன்னடக்கம் என்றார் மதாம். அதிகாரியும் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் அவள் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் இந்தியாவை வரைந்தாள். வேண்டுமென்றே கெடுக்கவில்லை, உயிரைக் கொடுத்துத்தான் வரைந்தாள். காஷ்மீர் ஒரு பக்கம் சாய்ந்தது, தெற்கே போகப் போக இடம் பற்றாமல் தமிழ்நாடு இலங்கைப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல பாண்டிச்சேரி எங்கம்மா இருக்கு?"

அவளும் தேடிப் பார்த்தாள். "தெரியல சார்."

அதிகாரி கையிலிருந்த காகிதத்தை டீச்சரின் மேசைமேல் வைத்து, மெஷின் இங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு டீச்சரின் முகத்தையே பார்த்தார்கள். அஞ்சலாட்சி கரும்பலகையை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக எந்தச் சிரிப்புக்குப் பயந்து செத்தாளோ, அந்தச் சிரிப்பை அன்றைக்கு அவளே தொடங்கிவைத்தாள்.