ஆற்றுக்கு வராத பாறை

என் கணவர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார். எங்களுக்குக் கல்யாணமான மறுவருஷம், கோடை விடுமுறையில் தாமிரபரணியை எண்ணெய்ச் சாயத்தில் வரையப்போவதாகச் சொன்னார்.

"கோடையில ஆறு சாதுவா இருக்கும். அந்த அமைதியைப் பிடிக்கணும்" என்றார். அவர் அமைதியைப் பிடிக்கும்போது குடையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

வண்ணார்பேட்டைக்கு மேற்கே, மருத மரங்கள் நிற்கிற கரை. மணலுக்கு நடுவே தண்ணீர் ஒதுங்கி, முழங்கால் அளவுக்குத் தெளிந்து ஓடியது. ஓரிடத்தில் மட்டும் சிறு பள்ளம். அமைதி அவ்வளவுதான். மற்றபடி துணி துவைக்கிற சத்தம், கழுதைகள், "என்னத்த அளக்காக?" என்று சுற்றி நிற்கிற கூட்டம். அத்தனையையும் விட்டுவிட்டு, அவர் தண்ணீரையும் மரங்களையும் மட்டும் கித்தானில் தீட்டினார். நடுவில் ஒரு கறுப்புப் பாறை.

"அங்கன பாறை ஏது?" என்று கேட்டேன்.

"படுத்திருக்குல்லா" என்று தூரிகையால் காட்டினார். எருமை. தினமும் அந்தப் பள்ளத்தில் முதுகு மட்டும் தெரியக் கிடந்தது.

நாலாம் நாள் அதைக் காணோம். பாறைமேல் வெயில் விழுவதைத்தான் அன்றைக்கு வரைய வேண்டும். பந்தியில் உட்கார்ந்து இலை வராதவரைப் போல அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பைய போயி விசாரிச்சுட்டு வா."

"எருமையையா?"

"பின்ன யாரை?"

துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் எருமைக்காரியின் வீட்டைக் காட்டினார். எப்படிக் கேட்பதென்று தெரியாமல், "அக்கா, உங்க எருமைக்கு மேலுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "விடியக்காலம் கன்னு போட்டிருக்கு. நீங்க அதுக்கு உறவா?"

விஷயத்தைச் சொன்னதும் கைச்சாணியைக் கழுவிவிட்டு என்னோடு கிளம்பிவிட்டாள். படத்தின் முன் நின்று வெகுநேரம் தேடினாள்.

"எங்கன இருக்கு?"

அவர் பாறையைக் காட்டினார்.

"கல்லுல்லா இது. கொம்பு எங்க, வாத்தியாரய்யா?"

"கொம்பு வச்சா எருமையாயிரும்மா. படத்துல அமைதி போயிரும்."

"இந்த ஆத்துல எருமையவிட அமைதியா வேற என்ன கெடக்கு?"

அவர் கறுப்பைக் குழைத்து, பாறையின் ஓரத்தில் வளைவாக இரண்டு கோடுகள் இழுத்தார். "எடது கொம்பு கொஞ்சம் மடங்கியிருக்கும்" என்றாள். மடக்கினார். மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு செம்பு சீம்பால் வந்தது. கருப்பட்டி போட்டுக் காய்ச்சினேன். கோடையில் அவருடைய சித்திரத்துக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

பள்ளிக்கூடம் திறந்ததும் படத்தைக் கூடத்தில் மாட்டினார்கள். பார்க்க வந்த துரைசானி ஒருத்தி அதன் முன் நின்று, தமிழிலேயே சொன்னாள்: "எவ்வளவு சமாதானம். பாறையின்மேல் இரண்டு நீர்க்காகங்கள்கூடச் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன."

அவர் திருத்தப்போனார். அதற்குள் துரைசானி அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். எங்கள் தெருமுனையில் நின்று, "உனக்காவது கொம்பாத் தெரியுதா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுது" என்றேன். அதன்பிறகுதான் நடந்தார்.