டேப் அண்ணனின் துணை மோட்டார்

பதினோராவது முறையாக அந்தப் படகு மோட்டாரின் காலை, அதாவது விசிறிவரை நீளும் தண்டை, டேப் அண்ணன் அளந்துகொண்டிருந்தார். கடைத் தரையில் குந்தி உட்கார்ந்து, இரும்பு டேப்பின் முனையை மேலே மாட்டி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒற்றைக் கண்ணை மூடி எண்ணைப் படித்தார். நேற்று இருந்த அதே எண்தான். ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "வளரல," என்றார் கடைக்காரரிடம். கடைக்காரர் தலை நிமிராமல் நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் கடையைக் கவனிப்பது எப்போது?

நான் அங்கே போனது வீட்டுத் தண்ணீர்ப் பம்புக்கு ஒரு வாஷர் வாங்க. ஐந்து நிமிட வேலை. வாங்கிக்கொண்டு திரும்பும்போது கீழே இருந்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். புதிதாக ஒருவரைச் சந்தித்தால் பெயர் கேட்பார்கள், என்ன வேலை என்று கேட்பார்கள். இவர், "நீங்க எத்தனை கிலோ?" என்றார். அந்தக் கேள்விக்கு ஏன் உண்மையைச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எழுபத்தொன்று என்றேன். சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டதாம். எனக்குத்தான் சொல்லவில்லை.

துறைமுகத்தில் உள்ள பெரிய மீன்பிடிப் படகுகளில் ஒன்று அவருடையது. அவரே உரிமையாளர், அவரே ஓட்டுபவர். எல்லோரும் அவரை டேப் அண்ணன் என்கிறார்கள். இடுப்பில் சாவிக்கொத்து இருக்க வேண்டிய இடத்தில் டேப் இருக்கும். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதன் நான்கு கால்களையும் பார்வையாலேயே அளந்துவிடுவார். மகளுக்குச் செருப்பு வாங்கப் போனால் பாதத்தை அளந்து, செருப்பை அளந்து, அடுத்த கடைச் செருப்பையும் அளந்து முடிப்பதற்குள் பிள்ளையின் பாதம் ஒரு அளவு கூடிவிடும் என்பது அவர் மனைவியின் நெடுநாள் புகார். அந்த மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். செருப்பைத் தானே வாங்கிக்கொள்கிறாள்.

ஆனால் இந்த மோட்டார் விஷயம் செருப்பு விஷயம் அல்ல. போன பருவத்தில், காற்றே இல்லாத ஒரு காலையில், நடுக்கடலில் அவர் படகின் பெரிய இன்ஜின் இருமியது, விக்கியது, நின்றுவிட்டது. டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. காலையிலிருந்து வெயில் சாயும்வரை ஆறு பேர் போக்கிடம் இல்லாமல் மிதந்தார்கள். கடைசியில் பக்கத்துத் துறைக்காரர், அதாவது இவருக்கு அடுத்த இடத்தில் படகைக் கட்டுகிறவர், அந்த வழியாக வந்து கயிறு வீசி இழுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அந்த மனிதர் காலை வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக, "என்னப்பா, கயிறு வேணுமா?" என்கிறார். கயிறு இன்னும் டேப் அண்ணனிடம்தான் இருக்கிறது. துணை மோட்டார் வாங்காமல் அதைத் திருப்பித் தரக் கூடாது என்று ஒரு வீம்பு.

வீம்போடு போயிருந்தால் பரவாயில்லை. படகில் வேலை செய்யும் ஐந்து பேரும் ஒன்றுகூடி, தங்களில் மூத்தவரைத் தூது அனுப்பினார்கள். எல்லோருக்கும் அவர் பெரியப்பா. அதிகம் பேசாதவர். "ரெண்டாவது மோட்டார் இல்லாம நாங்க ஏற மாட்டோம், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மறுபடியும் கடலுக்குப் போகும் நாள் அடுத்த திங்கட்கிழமை. ஆள் இல்லாத பெரிய படகு என்பது மிதக்கிற வெறும் கூடுதான். பதினெட்டு வருடம் ஒன்றாகக் கடலுக்குப் போனவர்கள் வேறு படகில் ஏறுவதைக் கரையில் நின்று பார்க்க வேண்டியிருக்கும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்குவதில்லை என்று அவர் மனைவி சொன்னார். சொன்ன கையோடு, இறங்காத சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதையும் சொன்னார்.

கடையில் முதலில் பார்த்தது ஒரு சிவப்பு மோட்டார். அழகி. கடைக்காரர் அதன் தலையைத் தட்டிக்கொடுத்து, "இதைப் போட்டீங்கன்னா பறக்கலாம், அண்ணே" என்றாராம். "பறக்க வேணாம். வீட்டுக்கு வரணும்" என்று இவர் சொல்லிவிட்டார். சின்ன விசிறியை வேகமாகச் சுற்றுகிற மோட்டார் சின்னப் படகுக்குச் சரி. இத்தனை டன் படகைத் தள்ள, பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றுகிற மோட்டார் வேண்டும். அப்படி ஒன்று மூலையில் இருந்தது. சாம்பல் நிறம், தூக்கக் கலக்க முகம். அதைப் பார்த்ததும் இவருக்குப் பிடித்துவிட்டது. தனியாக ஒரு எரிபொருள் தொட்டியும் கேட்டார். படகில் இருக்கிற பெரிய தொட்டியிலிருந்தே குழாய் போடலாமே என்று கடைக்காரர் சொன்னதற்கு, "ரெண்டு பேரும் ஒரே பானையில குடிச்சா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வயித்தவலி வரும்ல" என்று பதில்.

அடுத்து, கயிற்றை இழுத்து அதைக் கிளப்ப வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சோர்ந்துபோனவனும் கிளப்ப முடிகிற மோட்டாராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதைச் சோதிக்க மனைவியைக் கடைக்கு அழைத்து வந்தார். அந்த அம்மாள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் இடது கையால் ஒரே இழுப்பு. மோட்டார் கிளம்பிவிட்டது. பிறகு இவர் இழுத்தார். மூன்று முறை இழுத்தார். கடையில் இருந்த எல்லோரும் திடீரென்று சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

இத்தனையும் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. கடைசியாக மாட்டிக்கொண்டது காலில். அந்தச் சாம்பல் மோட்டார் இரண்டு வகையில் வருகிறது: குட்டைக் கால், நெட்டைக் கால். குட்டைக் காலை வாங்கினால், அலையில் படகின் பின்பக்கம் தூக்கும்போது விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றைக் கடையும். நெட்டைக் காலை வாங்கினால், மீன் பாரத்தில் படகு தாழும்போது விசிறி தேவைக்கு மேல் ஆழத்துக்குப் போய் மோட்டார் திணறும். ஆகவே வெறும் படகு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, நிறைந்த படகு எவ்வளவு தாழ்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தடைக்காலத்தில் மீனுக்கு எங்கே போவது? ஐஸ் ஆலையும் மூடிக் கிடந்தது. மணல் மூட்டை அடுக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். மணல் சிந்தும், சிந்தினால் பம்ப் அடைத்துக்கொள்ளும் என்றார். உறவினர்கள் சிந்த மாட்டார்கள்.

வியாழக்கிழமை காலை துறைமுகத்தில் மீன் நிறுக்கும் பெரிய தராசின் முன் ஒரு வரிசை நின்றது. மைத்துனர் இருவர், சித்தப்பா, சகலை, மகள், மகளின் அலுவலகத் தோழிகள் மூவர், ஐந்து ஆட்கள், கடைசியாக வாஷர் வாங்கப் போன நான். ஒவ்வொருவரையும் தட்டில் ஏற்றி எடையைப் பார்த்து நோட்டில் எழுதினார். பெரிய மைத்துனர் ஏறியதும் தராசின் முள் ஒரு துள்ளு துள்ளியது. "மாப்ள, நீ ஒருத்தனே ஒன்றரைக் கூடை" என்றார் நன்றியோடு. நான் ஏறியதும் முகம் சுருங்கிவிட்டது. அறுபத்தொன்பதுதான் காட்டியது. "எழுபத்தொண்ணுன்னீங்களே?" என்றார். கடன் வாங்கி ஏமாற்றியவன்போல நின்றேன். செருப்போடு நின்றால் கணக்குச் சரியாகிவிடும் என்று சகலை எனக்காக வாதாடினார்.

எல்லோரையும் படகின் பின்பக்கத்தில் நெருக்கமாக உட்கார வைத்தார். அவர் மட்டும் ஒரு மிதவைப் பலகையில் இறங்கி, வெளியே இருந்து அளந்தார். அரைச் சாண் தாழ்ந்திருந்தது. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குட்டைக் காலே போதும், கடையில் தயாராக இருக்கிறது, இன்றைக்கே எடுத்துவிடலாம் என்று நோட்டில் கோடு போட்டு முடித்தார். ஆட்களும் எழுந்து கை தட்டினார்கள். அப்போதுதான் அவர் மனைவி தேநீர்க் குடுவையோடு வந்து சேர்ந்தார். பின்பக்கத்தில் கோழிக்கூடுபோல அடைந்து கிடந்த எங்களை ஒரு முறை பார்த்தார்.

"ஏங்க, மீனை இங்கயா உக்கார வைப்பீங்க?"

மீன் அறை படகின் நடுவில் இருக்கிறது. முப்பது வருடமாக அதில் மீன் நிரப்புகிறவருக்கு அது தெரியாமல் இல்லை. வந்தவர்கள் வசதியாகக் காற்றாட உட்காரட்டும் என்று மரியாதை செய்யப்போய், பாரம் முழுவதையும் பின்னால் ஏற்றிவிட்டார். பாரம் நடுவில் இருந்தால் பின்பக்கம் இவ்வளவு தாழாது. அந்த அளவை நம்பிக் குட்டைக் காலை மாட்டியிருந்தால், நடுக்கடலில் அந்த மோட்டார் காற்றைக் கடைந்துகொண்டு நின்றிருக்கும். அவர் அவசரமாக நோட்டைப் பிரித்தார். நோட்டில் போட்ட கோட்டை அடித்தார். பிறகு எங்களைப் பார்த்தார். என்ன கேட்கப்போகிறார் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெரிய மைத்துனர் தனக்கு வங்கியில் வேலை இருப்பதாக நினைவுகூர்ந்தார். அவர் மட்டும் தப்பினால் எப்படி என்று, டேப் அண்ணனின் மனைவியான அவருடைய அக்கா அவரைத்தான் முதலில் ஏணியில் இறக்கினார்.

பதினாலு பேர் மீன் அறைக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். அவர் மனைவியும் குடுவையோடு இறங்கிக்கொண்டார். இரண்டு மாதம் கழுவிக் காய்ந்த அறைதான். ஆனாலும் அந்த வாசனை இடத்தைக் காலி செய்யவில்லை. மகளின் தோழி ஒருத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு, மீன்களுக்காக முதல்முறையாக வருத்தப்படுவதாகச் சொன்னாள். வெளியே டேப் இழுபடும் சத்தமும், அது சுருளும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. மூன்று முறை, நான்கு முறை. கடைசியில் பெரியப்பாவே வாய் திறந்தார். "ஒரு மோட்டாருக்கு இவ்வளவா, தம்பி?"

டேப் சத்தம் நின்றது. அவர் படகில் ஏறி, நடந்துபோய் இன்ஜின் அறைக் கதவைச் சாத்துவது கேட்டது. அந்தப் பெரிய இன்ஜினுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் முதலாளி. புது மோட்டாரைப் பற்றி முதலாளி காதுபட ஒரு வார்த்தையும் பேச மாட்டார். திரும்பி வந்து மீன் அறையின் திறப்போரம் உட்கார்ந்தார். கால்கள் மட்டும் எங்கள் தலைக்கு மேல் தொங்கின.

"அன்னிக்கு உங்ககிட்ட பயப்படாதீங்கன்னு சொன்னேன்ல, பெரியப்பா. அது பொய். பயந்து செத்தது நான்தான். அஞ்சு வீட்டுக்கும் போய் என்ன சொல்றதுன்னு ஒண்ணொண்ணா யோசிச்சு வச்சிருந்தேன். நாலு வீட்டுக்கு வந்துடுச்சு. உங்க வீட்டுக்கு மட்டும் என்ன சொல்றதுன்னு கடைசிவரைக்கும் வரல."

பெரியப்பா தன் கையில் இருந்த தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வாசனைதான் காரணம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். தேநீரைக் குடித்து முடித்துப் பெரியப்பா, "எவ்வளவு தாழ்ந்திருக்கு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு விரல் என்று மேலிருந்து பதில் வந்தது. "அப்ப நெட்டைக் காலு" என்றார் பெரியப்பா. அதற்குப் பிறகு டேப் அண்ணன் அளக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரே ஒரு முறைதான் அளந்தார்.

சனிக்கிழமை காலை நெட்டைக் கால் மோட்டாரைப் பொருத்திக்கொண்டு ஆறு பேரும் துறைமுக வாய்க்கு வெளியே போனார்கள். அங்கே முதலாளியை நிறுத்திவிட்டு, சாம்பல் மோட்டாரைக் கிளப்பினார்கள். நானும் அவர் மனைவியும் கரையில் நின்று பார்த்தோம். அத்தனை பெரிய படகு அந்தச் சின்ன மோட்டாருக்குக் கட்டுப்பட்டு, வேறு வழியில்லாதவர்போல, அசைந்து அசைந்து வந்தது. அந்த அம்மாள் படகோடு சேர்ந்து கரைச்சுவர்மேல் நடக்கத் தொடங்கினார். நடுவில் நின்று தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேசினார். அப்படியும் படகுக்கு முன்னால் துறைக்கு வந்து சேர்ந்துவிட்டார். படகு கட்டியதும் பெரியப்பா இறங்கி வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் திங்கட்கிழமைக்கான துணிப்பை இருந்தது. அதை வழக்கமான ஆணியில் மாட்டினார். மற்ற நால்வரும் தங்கள் பைகளை எடுக்க ஓடினார்கள்.

டேப் அண்ணன் அந்தப் பழைய கயிற்றை வெளியே எடுத்தார். துவைத்து, காயவைத்து, ஒரே அளவு வளையங்களாகச் சுருட்டியிருந்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துப் படகுக்கு நடந்தார். இத்தனை மாதக் கிண்டலுக்கும் சேர்த்து இன்று ஏதாவது சொல்லப்போகிறார் என்று நானும் ஆவலாகப் பின்னால் போனேன். பக்கத்துத் துறைக்காரர் கயிற்றை வாங்கிக்கொண்டு, "இனிமே யாருக்குப்பா வீசப்போறேன்?" என்று சிரித்தார். டேப் அண்ணன் சிரிக்கவில்லை. அந்தப் படகின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மோட்டார் ஒன்றும் இல்லை. வெறும் பலகை.

"நீ எத்தனை கிலோ?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், முழங்காலை மடித்துக் குந்தி உட்கார்ந்து, இடுப்பிலிருந்து டேப்பை உருவி, அதன் முனையை அந்தப் பலகையின் விளிம்பில் மாட்டினார்.