வகுப்பறையிலேயே உட்கார வைக்கப்பட்டவர்கள்

இதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் ஆசிரியர் அறையில் இருக்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நாலு பேர் முன்னால் பேச வராததால் எழுதுகிறேன். மெர்சி மேடம் இறந்த செய்தி, கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது செல்போனில் வந்தது. காய்ச்சல் என்று விடுப்பில் போனவர். கம்பெனிக்குப் போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன்.

நம் பள்ளிக்கு வாரம் இருமுறை வந்த மனநல ஆலோசகர் அவர். அவரிடம் அனுப்பினால் பிள்ளைக்குப் பைத்தியம் என்று ஊர் பேசுமோ எனப் பெற்றோர் பயந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு ரெஹானா, போலியோ தாக்கிய காலில் காலிப்பர் என்ற இரும்புச் சட்டம் போட்டு நடப்பவள், திடீரென்று பேச்சை நிறுத்தியபோதுதான் அவள் தந்தை கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

“பேஜாரா கீது மேடம். நீயும் மத்தவங்க மாதிரிதாம்மான்னு தெனம் சொல்லிக்கினுதான் கீறேன்.”

“அத மொதல்ல நிறுத்துங்க பாய். அப்படி இல்லன்னு அவளுக்குத் தெரியும். இல்லன்னா இன்னா தப்பு?”

அப்போது ரெஹானா வாய் திறந்தாள். “அப்புறம் கடைக்கு ஆளு வந்தா இன்னாத்துக்கு என்னை உள்ள போன்னு சொல்றாரு?”

அவர் தலை குனிந்தார். மேடம் சிரித்தார். “பாத்தீங்களா பாய், பேசுறா.”

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காலை பிரேயருக்கு வெளியே அழைத்து வந்ததும் அவர்தான். “நிக்க முடியலன்னா நாற்காலி போடுங்க சார். உள்ளயே வெச்சிட்டா, அவங்க இந்த ஸ்கூல்லயே இல்லன்னு ஆயிடும்” என்பார். அவர் வரும் நாட்களில் நாற்காலிகள் வந்தன. மற்ற நாட்களில் வரவில்லை.

அவருக்கு நாம் மௌன அஞ்சலி செலுத்திய காலையிலும் வரவில்லை. “வெயில்ல பாவம், கிளாஸ்லயே இருக்கட்டும்” என்றார் நம்மில் ஒருவர். கெட்ட எண்ணமில்லை. முடிந்து வகுப்புக்குப் போனேன். ரெஹானா ஜன்னலருகே இருந்தாள்.

“மிஸ், எங்க மேடத்துக்கு எங்கள வுட்டுட்டு நீங்க மட்டும் நின்னீங்களா?”

அதன்பின் அவள் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டாள்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு தயக்கம்தான். ‘பாவம்’ என்ற சொல் நாக்கு வரை வந்து நின்றுவிடுகிறது.

கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசிவரை தள்ளி வைத்ததை இப்போது கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மேடத்தின் படத்திறப்பு. படத்தை ரெஹானா திறக்கட்டும். திறக்கிறாயா என்று அவளிடம் கேட்டேன், தலையசைத்தாள். மேடைக்குப் படி அதிகம் என்று சொல்லாதீர்கள். படத்தைக் கீழே இறக்கி வையுங்கள்.