நசியாத இரண்டு தேசிக்காய்கள்

சில கிழமைகளாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாம் நடக்கிறது. மகள் மாட்டு வைத்தியம் படித்து முடித்துவிட்டாள். பிள்ளை டொக்டர் என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஆட்கள் கட்டிப்பிடித்து வாழ்த்துகிறார்கள். யாருக்கு டொக்டர் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, "பரவாயில்லை, அதுவும் ஒரு சீவன்தானே" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது வேறு கதை.

அவளுக்கு இங்கே சுவிஸ் மலைப்பகுதியில், எண்ட்லெபூக் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே கன்று போடச் சிரமப்படும் பசுக்கள் எல்லாம் தார் போடாத பாதையின் கடைசி வீட்டில்தான் இருக்குமாம். ஆகவே பழைய ஃபோர் வீல் வாகனம் ஒன்று வேண்டும். இருக்கச் சுகமாக இருக்கவேண்டும், நடுவழியில் நிற்கவும் கூடாது. கைத்தொலைபேசியில் வாகனப் படங்களை மேலே தள்ளுகிறாள், கீழே தள்ளுகிறாள். தள்ளித் தள்ளியே மலையேறிவிடுவாள் போலிருந்தது.

நேற்றுப் பொறுக்கமுடியாமல் சொன்னேன்: "பிள்ளை, வாகனம் பார்க்கப் போகேக்கை நாலு தேசிக்காய் கொண்டு போ."

"அப்பா, ப்ளீஸ்."

அவள் 'ப்ளீஸ்' என்றால் நான் வாயை மூடவேண்டும் என்று பொருள். சமையலறையில் மனைவி சிரித்தாள். அவள் அப்போது மீனுக்குத் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தாள். அந்தப் புளிப்பு மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் எம்மன்புரூக்கே பழைய வீட்டின் படிக்கட்டில் போய் நின்றேன்.

படிக்கட்டு என்றால் உண்மையாகவே படிக்கட்டு. எங்கள் இல்லறத்தின் முதல் ஆண்டுகள் அங்கேதான் நடந்தன. அவள் விடியமுதல் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கப் போய்விடுவாள், பகலிலும் ஏதாவது வேலை இருக்கும். நான் லுசேர்னில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் மாலை வேலை. அவள் ஏறும்போது நான் இறங்குவேன்.

"சோறு இருக்கு."

"ஓம்."

"பால் முடிஞ்சுது."

"ஓம்."

இவ்வளவுதான் குடும்பம். சண்டையே பிடிக்காத சோடி என்று எங்களுக்கு ஊருக்குள் நல்ல பெயர். சண்டை பிடிக்க இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்படியிருக்க ஒரு மலைவிடுதியில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே வேலை வந்தது. எனக்குக் குசினி, அவளுக்கு அறைகள். ஒன்றாகப் போய் ஒன்றாக வரலாம். விடுதிக்காரி கட்டுமஸ்தான ஒரு சுவிஸ் அம்மா. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். விடுதிக்குப் போகிற பாதை சேறும் கல்லும், மேலே பனி கரையாத திருப்பங்கள் வேறு. "அல்ராட் இல்லாமல் ஏற ஏலாது. வாற திங்கள் திறக்கிறன். அண்டைக்கு நீங்களா ஏறி வரவேணும். இல்லாட்டி வேறை சோடி நிக்குது." அல்ராட் என்றால் நாலு சில்லும் இழுக்கிற வாகனம். நான் அதுவரை ஓட்டிய வாகனங்களில் எந்தச் சில்லு இழுக்கிறது என்று விசாரித்ததே கிடையாது. ஓடியது, அது போதும்.

எனக்கு வாகனம் தெரியாது என்பது வெளியே தெரிந்ததும் ஆலோசகர்கள் இலையான் மாதிரி மொய்த்தார்கள். அவர்களில் தலையாயவர் குலம் அண்ணை. கீழ்வீட்டில் இருந்தார். எந்த வாகனத்தின் பொனற்றையும் திறந்து உள்ளே பார்த்து "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" நல்லதா கெட்டதா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டோபான் என்கிற நெடுஞ்சாலையை விட்டு அவர் வாகனம் ஒருநாளும் இறங்கியதில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மனைவிக்குப் பொனற் வேண்டாம். அவளுக்கு இருக்கைதான் முக்கியம். துடைத்துத் துடைத்து இடுப்பு நாரி விட்டுப்போயிருந்தது. விற்கிறவன் என்ஜினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, இவள் முன் இருக்கையில் ஏறி, கண்ணை மூடி, தியானத்தில் இருப்பாள். பிறகு இறங்கி, "முள்ளு" என்பாள். அடுத்த வாகனத்தில் "பலகை." இன்னொன்றில் "இது ஆரோ சரியான கோவக்காரன் இருந்த சீற்." விற்பவர்கள் அவளை ஏதோ அரசாங்கப் பரிசோதகர் என்று நினைத்திருக்கவேண்டும். ஒருவன் பயந்துபோய்க் கோப்பி ஊற்றித் தந்தான்.

திங்கள் நெருங்க நெருங்க எனக்கு விசர் பிடித்தது. குலம் அண்ணை "ம்ம்" என்றால் இவள் "முள்ளு" என்றாள். இவளுக்குப் பிடித்தால் அவருக்கு "ம்ம்" வரவில்லை. இந்த நேரத்தில்தான் குலம் அண்ணை ஒரு விளம்பரத்தோடு ஓடிவந்தார். ஒரு விவசாயி விற்கிற ஜப்பான்காரன் வாகனம், அல்ராட். கடைசியில் 'அப் பிளாட்ஸ்' என்று போட்டிருந்தது.

"பிளாட்ஸ் எண்டா என்ன தம்பி?"

"இடம்."

"வாகனத்துக்கு இடம் எண்டா?"

"பார்க்கிங்கோ அண்ணை?"

"பிறகென்ன. பார்க்கிங்கும் சேர்த்துத் தாறான் மனுசன். விட்டிடாதை."

எம்மன்புரூக்கேயில் பார்க்கிங் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியாது. நான் உடனே விவசாயிக்கு டெலிபோன் எடுத்தேன்.

விவசாயியின் முற்றத்தில் வாகனம் கழுவித் துடைத்து நின்றது. குலம் அண்ணை அந்த விவசாயி வீட்டுக்கு முன்னால் காய்ந்த தார்ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினார். சத்தமே இல்லை. "பூனை தம்பி, பூனை." மனைவி முன் இருக்கையில் ஏறிக் கண்ணை மூடினாள். நேரம் போயிற்று. எட்டிப் பார்த்தால் நித்திரை. தட்டி எழுப்பினோம். "இதை எடுங்கோ" என்றாள். எடுத்தோம்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனோம். புது வாகனம் என்றால் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து ஓட்டவேண்டும் அல்லவா. அது பழைய வாகனம் என்பதை நாங்கள் கடவுளுக்குச் சொல்லவில்லை. தரிப்பிடம் நிறைந்திருந்தது. ஓரமாகச் சரிந்த ஒரு புல்வெளிதான் கிடைத்தது, முதல்நாள் பெய்த பனி உருகிச் சதசதவென்று இருந்தது. ஐயர் கற்பூரம் காட்டி, நாலு சில்லுக்கு முன்னாலும் ஒவ்வொரு தேசிக்காய் வைத்து, "மெல்லமா எடுங்கோ" என்றார்.

மெல்லமாக எடுத்தேன். வாகனம் அசையவில்லை. கொஞ்சம் அமத்தினேன். முன்சில்லுகள் விர்ரென்று சுற்றின. சேறு, புல், தேசிக்காய்ச் சாறு எல்லாம் சேர்ந்து ஐயரின் வேட்டியில் போய் இருந்தது. வாகனம் நின்ற இடத்திலேயே நின்றது. ஐயர் வேட்டியை உதறிக்கொண்டு தள்ளி நின்றார். குலம் அண்ணை மட்டும், "நல்ல பவர்" என்றார்.

மனைவி பின்பக்கமாகப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, நாலு சில்லும் இழுக்கும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம், இழுக்கும்."

"அப்ப பின்னுக்கு ரெண்டு தேசிக்காயும் ஏன் குந்திக்கொண்டு இருக்குதுகள்?"

இறங்கிப் பார்த்தேன். பின்சில்லுகளுக்கு முன்னால் இரண்டு தேசிக்காயும் கடையில் வாங்கினபடியே, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. குலம் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே படுத்தார். பிறகு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "தம்பி, பின்சில்லுக்குப் போற ஷாஃப்ட் இல்லை."

"உடைஞ்சு போச்சோ?"

"உடையிறதுக்கும் ஒண்டு இருக்கவேணுமெல்லோ. இல்லவே இல்லை."

மனைவி அந்த இரண்டு தேசிக்காயையும் துடைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "படிக்கட்டிலதான் எங்கட சீவியம் போல" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்தநாள் காலையே விவசாயியிடம் போனோம். நான் கோபத்தில் ஜெர்மன் கதைத்தால் வினைச்சொல் எல்லாம் வீட்டில் நின்றுவிடும். மனுசன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப் பிளாட்ஸ்" என்றான். நான் விடவில்லை. "அதுசரி, அந்தப் பார்க்கிங் எங்கே?" என்று கேட்டேன். அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். பிறகு வாகனம் நின்ற மண்ணைக் காட்டினான். நின்ற இடத்தில், நின்ற கோலத்தில், பிறகு கேள்வி கேட்கக்கூடாது. அப் பிளாட்ஸ் என்றால் அதுதானாம். குலம் அண்ணை அங்கே நின்ற ஒரு பசுவை மிகக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

சோர்ந்துபோய், ஏன் கழற்றினாய் என்று கேட்டேன்.

"எஸ் ஹெட் சுரெட்" என்றான்.

சுவிஸ் ஜெர்மனில் கேட்டவுடனே எனக்கு விளங்கிய ஒரே சொல் அதுதான். சுர்ரென்று இரைந்ததாம். தன் மனைவிக்குக் காதுக்கு ஆகாது என்று கழற்றி வைத்துவிட்டானாம். வைத்துவிட்டாயா, எறியவில்லையா என்று என் மனைவி கேட்டாள். அவன் தொழுவத்துக்குள் போய், வைக்கோலுக்குப் பின்னாலிருந்து நீளமான இரும்புத் தண்டு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். கேட்டிருந்தால் முதலே தந்திருப்பேனே என்ற முகம். அவனே படுத்துப் பூட்டியும் தந்தான். இவ்வளவு கெதியில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, மனைவி கைப்பையைத் திறந்து தேசிக்காயைக் காட்டினாள். அவன் அதை வாங்கி மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

திங்கள் ஏறினோம். சேற்றில் ஏறியது, கல்லில் ஏறியது, பனித் திருப்பத்தில் ஒருமுறை யோசித்துவிட்டு ஏறியது. சுகமான இருக்கை, நிற்காத வாகனம், காதைப் பிளக்கிற சுரெட். விடுதிக்காரி வாசலில் நின்று எங்களைப் பார்க்கவில்லை, சில்லுகளைப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஏப்ரனை நீட்டினாள்.

அந்தப் பாதை மேலே போக ஓர் அரை மணி, கீழே வர ஓர் அரை மணி. ரேடியோ போட்டாலும் கேட்காது. கத்தித்தான் கதைக்கவேண்டும். முதல் கிழமையே அவள் கத்தினாள்: "உங்கட குழம்பில உப்புக் கூட. ரெண்டு வருசமாச் சொல்ல நேரம் கிடைக்கேல்லை."

"என்ன?"

"உப்பு!"

அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலாக முழுச்சண்டை ஒன்று பிடித்தோம். மேலே போய்ச் சேரும்வரை பிடித்தோம், வேலை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அப்படி ஒரு சந்தோசம். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்பதுகூட அந்த இரைச்சலுக்குள் கத்தி முடிவெடுத்ததுதான். அதனால்தான் இவளுக்கு இரண்டு எழுத்தில் சின்னப் பெயர். நீளப் பெயர் ஒன்றும் காதில் விழவில்லை.

இப்போது அந்த விடுதி இல்லை, சாளரங்களுக்குப் பலகை அடித்திருக்கிறார்கள். பாதைக்குத் தார் போட்டாயிற்று, பொம்மைக் கார்கூட ஏறும். குலம் அண்ணை மகனோடு இருக்கக் கனடா போய்விட்டார், அங்கே யாருக்கோ "ம்ம்" சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் ஜப்பான்காரனின் கண்ணாடியில், பழைய வாகனம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏற்றுமதிக்காரர்கள் தங்கள் அட்டைகளைச் செருகிச் செருகி, கடைசியில் ஒருவன் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினான். எந்த நாட்டிலோ, யாரோ ஒருத்தி அந்த இருக்கையில் இருந்து புருசனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கக்கூடும்.

இன்று காலை மகள் தான் பிடித்த வாகனத்தை ஓட்டிப் பார்க்க எங்களையும் கூட்டிக்கொண்டு போனாள். என் சட்டைப்பையில் நாலு தேசிக்காய் இருந்தன, வெளியே எடுக்கவில்லை. சேற்றுப் பாதையில் வாகனம் நெய்மேல் போகிற மாதிரிப் போனது. திரையிலிருந்து ஒரு பெண்குரல் வழி சொன்னது. மனைவி பின் இருக்கையில் கண்ணை மூடியிருந்தாள்.

"எப்பிடி அம்மா சீற்?"

"நல்லாயிருக்கு. சுரெட் இல்லை."

"அது நல்லதுதானே?"

மனைவி கண்ணைத் திறந்து முன்னால் இருந்த என்னைப் பார்த்தாள். இறங்கியதும் அதையே எடுக்கச் சொன்னோம்.

வீட்டுக்கு வந்து நான்தான் சமைத்தேன். இரண்டு பேரும் இப்போது நாள் முழுக்க வீட்டில்தான். ஆளுக்கொரு கைத்தொலைபேசி, எதிரும் புதிருமாக இருந்து சாப்பிட்டோம். குழம்பில் உப்பு நிச்சயமாகக் கூடித்தான் இருந்தது, கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.