வியாகுலம்மாள் திருகிய கார்

ததேயுஸ் ஷார்ஜாவில் இருபது வருஷம் கார் மெக்கானிக்காக இருந்தவர். 2009-இல் அந்த ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். தேங்காய்ப்பட்டணம் வந்து சேர்ந்தவருக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. துறைமுகம் வரை நடப்பார், திரும்பி வருவார், செருப்பைக் கழற்றாமலே மறுபடி இறங்குவார்.

"எதுக்கு இப்படிக் கெடந்து அலையுதிய?" என்பாள் மனைவி வியாகுலம்மாள். அதற்குள் அவர் தெரு முனையைத் தாண்டியிருப்பார்.

அப்போதுதான் குலசேகரத்து ரப்பர் தோட்டக்காரர் தாணுமாலயன் ஒரு காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எழுபதுகளில் செய்த, இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்ப் தேய்ந்துபோய்ப் பல வருஷமாக ஷெட்டில் கிடந்தது. அதற்கு உதிரி பாகம் எங்கும் கிடைக்கவில்லை.

"அதைக் கழத்திட்டு கார்புரேட்டர் வைப்போம் சாரே" என்றார் ததேயுஸ்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஜோடி பழைய கார்புரேட்டர் வந்தது. அவற்றை என்ஜினோடு சேர்க்கும் குழாய்களை அவரே வெட்டி வெல்டிங் செய்தார். பிறகு பொறுக்க முடியவில்லை. சத்தத்தைக் கேட்டே ஆகவேண்டும். டாங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பழைய மோட்டாரை மாற்றாமலே சாவியைத் திருப்பினார். அது தள்ளுகிற வேகத்தைக் கார்புரேட்டர் தாங்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. பெட்ரோல் பொங்கி வழிந்தது. என்ஜின் ஒரு தும்மல் தும்ம, குப்பென்று தீ. ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கினார். கார் தப்பியது. வலது உள்ளங்கை வெந்துபோனது.

தாணுமாலயன் பதறிப்போய் வந்தார். "போதும் ததேயுஸ். வண்டி அப்படியே கெடக்கட்டும்."

"ஒரு வாரம் தாங்க சாரே."

இடது கையாலேயே மல்லுக்கட்டி வேறு மோட்டாரைப் பொருத்தினார். என்ஜின் பிடித்தது, ஆனால் உடம்பெல்லாம் நடுங்கியது, மிதித்தால் மூச்சு முட்டியது. கார்புரேட்டரின் சின்னத் திருகுகளுக்கு இடது கை ஒத்துழைக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி எறிந்தார். வியாகுலம்மாள் அதை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எதைத் திருப்பணும்?"

"ஒனக்கு இது எங்க தெரியும்?"

"தெரியாததுனாலதான் கேக்குதேன்."

நாலு சிலிண்டருக்கு நாலு திருகு. உள்ளே போனால் பெட்ரோல் குறையும், வெளியே வந்தால் கூடும். "உள்ள திருப்பு ஏட்டி. மெதுவா. இருமுதா? இப்ப வெளிய விடு..."

இரண்டாவது திருகில் அவர் வாயைத் திறக்குமுன் அவளே கையை நிறுத்தினாள். "இப்ப சத்தம் சரியாயிட்டு, இல்லியா?" சரியாகத்தான் இருந்தது. புருஷன் செய்த வேலையை அவள் அதுவரை பார்த்ததே கிடையாது. இருபது வருஷமும் போனில் கேட்டதெல்லாம் "வேலை நல்லா போவுது" என்ற ஒரே பதில்.

கை ஆறியதும் திற்பரப்பு அருவி வரை ஓட்டிப் பார்த்தார்கள். வழியெல்லாம் காதைச் சாய்த்தபடியே ஓட்டினார். "மூணாவது சிலிண்டர் இழுக்குதோ?"

"இல்ல. ரோட்டப் பாருங்க."

அருவிக்கரையிலும் என்ஜினை நிறுத்த மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவள்தான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

அந்த மாசமே தோகாவில் மெக்கானிக் வேலைக்கு விசா வந்தது. நடந்து நடந்து யோசித்தவர், கடைசியில் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் புதுக்கடை ஊரில் சொந்தமாக வண்டி பார்க்க ஒரு ஷெட் எடுத்தார். ஆனாலும் ரோட்டில் ஏதாவது வண்டி இருமிக்கொண்டு போனால் பாதிச் சோற்றில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

"பெட்ரோல் கொறவு" என்பாள் வியாகுலம்மாள், உள்ளே இருந்தபடியே.