இறக்கத்தில் நிற்கும் வண்டி

அடிமாலியில் ஒர்க்‌ஷாப் நடத்தும் பாபு, ஜாக்கி போட்டுத் தூக்கி வைத்திருந்த எங்கள் காரின் அடியிலிருந்து வெளியே வந்து, என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரேக், கிளட்ச், பின் டயர்கள். அப்போது பள்ளியிலிருந்து போன் வந்தது. பேச்சியம்மாள் டீச்சர் வகுப்பில் சரிந்து விழுந்துவிட்டார், எஸ்டேட் ஜீப்பில் ஏற்றினோம், வழியிலேயே போய்விட்டார் என்றார் தலைமையாசிரியர். "சரி சார்" என்று போனை வைத்தேன். பிறகு பாபுவிடம், "பிரேக் மட்டும் மாத்துனா போதுமா?" என்று கேட்டேன். அவர் ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

இதை வாசிக்கும் பலரும் அவளிடம் படித்தவர்கள், அவளோடு வேலை பார்த்தவர்கள். 'அவர்' என்று மரியாதையாகத்தான் எழுதத் தொடங்கினேன். யாரோ ஒரு டீச்சரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன்.

சித்திரபுரத்தில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்தவை. பஸ்ஸை நம்பினால் எஸ்டேட் பள்ளிக்கு மணியடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும் என்று, ஆளுக்குப் பாதி போட்டு அந்தக் காரை வாங்கினோம். வாங்கும்போதே அது பழசு. ஓட்டுவது அவள், ஒர்க்‌ஷாப்பில் போய் நிற்பது நான். வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பதை அவளால் பார்க்க முடியாது. "வயித்தக் கிழிச்சுப் போட்ட மாதிரில்லா கெடக்கும். நீயே போயிட்டு வாட்டி" என்பாள். அன்றும் அப்படித்தான் என்னை அனுப்பிவிட்டு, என் வகுப்புப் பிள்ளைகளையும் தன் வகுப்பில் உட்கார வைத்துக்கொண்டாள்.

இந்த வண்டிக்கு இனியும் செலவு செய்யத்தான் வேண்டுமா என்ற பேச்சு வருஷம் தவறாமல் வரும். நான் ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வந்ததை எல்லாம் ஒப்பிப்பேன். அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இறக்கத்துல நிக்குமா? அதச் சொல்லு." நிற்பதற்கு வேண்டிய வேலை என்றால் மறுபேச்சில்லாமல் சரி என்பாள். மற்றதெல்லாம் பிறகு பாத்துக்கிடலாம். என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி மேலே ஏறாமல் நின்று எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கை மடியில் விரித்துக்கொண்டுதான் நான் பள்ளிக்குப் போனேன். முறைத்தால், "நனைஞ்சா காஞ்சிரும்" என்பாள். அவள் பக்கத்துக் கண்ணாடி மட்டும் ஒழுங்காக ஏறும்.

ஒரு ஆடி மழையில், தொழிலாளர் குடியிருப்பான கீழ் லயத்தில் செல்விக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அவளைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். எஸ்டேட் பாதையில், மெயின் ரோட்டுக்கு ஏறும் கடைசி வளைவில் வண்டி நின்றுவிட்டது. நானும் செல்வியின் புருஷனும் மாமியாரும் சேற்றில் இறங்கித் தள்ளினோம். இந்த ஓட்டை வண்டியை அப்போதே தொலைத்திருக்க வேண்டும் என்று நான் கத்தினேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஏறாட்டி தள்ளிக்கிடலாம்டி. நிக்காட்டித்தான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள். அன்று பிறந்த பையன் இப்போது எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான். அதிலிருந்து லயத்தில் யாருக்கு எது என்றாலும் 'டீச்சர்மார் வண்டி'யைத்தான் தேடுவார்கள்.

அதனால்தானோ என்னவோ, சாவு வீட்டில் எல்லாரும் அதையே சொன்னார்கள். "நம்ம வண்டி மட்டும் இருந்திருந்தா டீச்சரைக் காப்பாத்தியிருக்கலாமே" என்று செல்வியின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எந்த வண்டி இருந்திருந்தாலும் நேரம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. எனக்கு வேறொன்று தோன்றியது. வண்டி பள்ளி வாசலில் நின்றிருந்தாலும் அதை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அவளோ தரையில் கிடந்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டேன், வந்தவர்களுக்கு டீ போதுமா என்று பார்த்தேன். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அழாமல் இருக்கிறாளே என்று பேசிக்கொண்டார்கள், அதுவும் காதில் விழுந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அம்மாவின் பொருள்களில் எது வேண்டும் என்று அவள் மகன் கேட்டான். வண்டி என்றேன். "சித்தி, அதை இரும்புக்குப் போட்டுருங்க. ரிஜிஸ்ட்ரேஷன் வேற முடியப்போகுது. செலவு பண்ணி என்ன செய்ய? ஓட்ட ஆள் வேண்டாமா?" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை.

மறுநாள் பாபு கூப்பிட்டார். "டீச்சரே, பணி தொடங்கட்டே? இல்லெங்கில் வண்டிய வெளியில மாத்தி இடணும்."

"தொடங்குங்க பாபு. எல்லாத்தையும் பாத்துருங்க."

"ஆரு ஓட்டும்?"

"நான்தான்."

"அப்போ கிளட்ச் கொஞ்சம் லேசா வச்சுத் தராம்" என்றார்.

ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், மைதானத்தில் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் உட்கார்ந்தேன். மாஸ்டர் சொன்னபடியே மிதித்தேன், விட்டேன். வண்டி குலுங்கி, பிறகு மெல்ல நகர்ந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. "ஏ பேச்சி, ஓடுதுடி!" என்று சொல்ல வலது பக்கம் திரும்பினேன். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் திரும்பித்தானே அவளிடம் பேசினேன். அங்கே கதவுதான் இருந்தது. அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த இடம்தான்.

அழுதேன். வண்டி அணைந்து நின்றது. மாஸ்டர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "சாரமில்ல டீச்சரே, பரவாயில்ல, முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார்.