பெயரும் நேரமும் மட்டும்

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் எஃப் 12 விசையைத் தட்டி, அது பின்னால் என்னென்ன அனுப்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அக்கா மேற்கொண்டு படிப்பார். பேருந்து டிக்கெட் எடுக்கிற தளமாக இருந்தாலும் சரி. "ஐயையோ, பக்கத்து சீட்டுக்காரரோட போன் நம்பர் வரைக்கும் வருதே!" என்று அவர் பதறினால் எங்கள் வரிசையே சிரிக்கும்.

அலுவலகத்தில் அவருக்கு எனக்குப் பக்கத்து மேசை. நான் திரைகளை வடிவமைக்கிறேன். அவற்றுக்குத் தகவல் அனுப்பும் நிரல் அக்காவுடையது. அவருக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். எல்லாம் டிடிஓவால் வந்த வினை. முழுப் பதிவிலிருந்து திரைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கட்டுகிற சின்னப் பொட்டலம் அது. ஒவ்வொரு திரைக்கும் தனிப் பொட்டலம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார். போனில் யாராவது நலம் விசாரித்தாலும் "நல்லாருக்கேன்" என்ற பொட்டலத்தோடு சரி.

இந்த வாரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவமனை ஒன்றுக்கு நாங்கள் செய்த முன்பதிவுத் தளம் இன்று மாலை வரவேற்பு மேசைக்குப் போகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் அக்காவின் தங்கை கணவர். கணினியில் கைதேர்ந்த ஆள். தங்கைக்கு முதுகுவலி, வைத்தியமும் அங்கேதான். வலி எப்படி வந்தது என்பதை அவள் டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அடித்தவரே அந்தக் கணவர்தான். டாக்டர் அதை அவள் பதிவில் எழுதியும் வைத்திருக்கிறார். சாப்பாட்டு அறையில் அக்கா என்னிடம் மட்டும் இதைச் சொன்னார். சொன்னவர் டப்பாவைத் திறக்கவே இல்லை.

வரவேற்புத் திரைக்குப் பெயரும் நேரமும் போதும். அவசரத்தில் எங்கள் குழுத் தலைவர் அக்காவின் பொட்டலத்தைத் தூக்கிவிட்டு முழுப் பதிவையும் அப்படியே அனுப்பச் செய்திருந்தார்.

"ஸ்கிரீன்லதான் எதுவும் தெரியலையேம்மா?"

"தெரியலைன்னா போகலைன்னு ஆயிடுமா சார்? எஃப் 12 தட்டினா மொத்தமும் வருது."

"எங்க, காட்டுங்க" என்று அவர் எழுந்து வந்தார்.

அக்கா அப்போது சோதித்துக்கொண்டிருந்தது தங்கையின் பதிவை. டாக்டரின் குறிப்பு வரி வரியாகத் திரையில் நின்றது. தலைவர் குனிவதற்குள் அக்கா உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திவிட்டார்.

"கைய எடுங்கம்மா. பாக்காம எப்படி நம்புறது?"

"எவ்வளவு நீளம் போகுதுன்னு மட்டும் பாருங்க சார். படிக்க வேணாம்."

தலைவர் திரையைப் பார்க்கவில்லை. அதை மூடியிருந்த அந்தக் கையைப் பார்த்தார். "சரி, உங்க பொட்டலத்தையே போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அவர் போன பிறகும் அக்கா கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் விசைகளைத் தேடித் தேடித் தட்டத் தொடங்கினார்.